எந்தக் கையில சாப்பிடுவீங்க?

பேப்பர் இருக்கிறது. அதனால்தான் துணிந்து சொல்கிறேன்.

வெறும் வாய்ப்பேச்சாக இருந்தால் நானே சிரித்துவிட்டுப் போயிருப்பேன். பேய்க் கதை சொல்கிற எல்லாரும் சத்தியம் பண்ணித்தான் ஆரம்பிப்பார்கள். அதில் பாதிப் பேருக்குச் சத்தியம் என்றால் சுண்டல் மாதிரி. ஆனால் இது அறுபத்தாறு பக்கம். மை காய்ந்து, மடிப்பு மடிப்பாக, ஒரு பழைய பிஸ்கட் தகரத்துக்குள் இன்றைக்கும் இருக்கிறது. நான் தொட்டுப் பார்த்தேன். இதில் ராத்திரி வராது. புளியமரம், கொலுசுச் சத்தம், மல்லிகை வாசம் எதுவும் வராது. பட்டப்பகல், இரண்டு மணி பத்து நிமிடம். வருஷம் 1991.

நடந்தது ஆரிபாவுக்கு. ராஜபாளையத்தில் ஒரு சின்ன நர்சிங் ஹோம். அதன் மாடியில், மூளையின் அலையைப் பேப்பரில் எழுதுகிற மெஷின் ஒன்று இருந்தது. ஈ.ஈ.ஜி. என்பார்கள். மெட்ராஸிலிருந்து செகண்ட் ஹேண்டில் வாங்கி வந்தது. அதற்கு ஆரிபாதான் டெக்னீஷியன். வயது இருபத்தாறு, மதுரையில் படித்தவள். வலிப்பு வந்து துள்ளுகிறவர்களை ஒற்றை ஆளாகப் பிடித்துப் படுக்க வைப்பாள். பயந்த சுபாவம் என்று யாரும் அவளைச் சொல்ல முடியாது.

வேலை இதுதான். தலையில் சின்னச் சின்ன வெள்ளி வில்லைகளைப் பசை வைத்து ஒட்ட வேண்டும். ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு வயர் மெஷினுக்குப் போகும். மெஷினில் எட்டுப் பேனா முள். முதல் நான்கும் மூளையின் இடது பக்கம், அடுத்த நான்கும் வலது பக்கம். சர்ர்ர்ர்... என்று பேப்பர் நகரும். முள்கள் அலை அலையாக எழுதிக்கொண்டே போகும். ஒரு பக்கத்துக்குப் பத்து நொடி. இந்தப் பத்து நொடிக் கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

டாக்டர் ஸுந்தரராஜனுக்கு ஒரு கிறுக்கு உண்டு. நல்ல மனுஷர், கைராசிக்காரர், ஆனால் நோயாளிகளைப் பார்த்து முடித்ததும் ஆராய்ச்சியில் உட்கார்ந்துவிடுவார். ஒருவருக்குச் சந்தோஷம் வந்தால் முன்மூளையின் இடது பக்கம் விழித்துக்கொள்ளும், பயமோ துக்கமோ வந்தால் வலது பக்கம் விழித்துக்கொள்ளும் என்று வெளிநாட்டில் சிலர் எழுதியிருந்தார்கள். விழித்த பக்கத்தில் அலை சுருங்கி நெருக்கமாகிவிடும். சும்மா இருக்கிற பக்கம் பெரிய அலையாகப் புரண்டுகொண்டிருக்கும். டேப்ரிக்கார்டரில் குழந்தையின் சிரிப்பைப் போடுவார், ஒப்பாரியைப் போடுவார். எந்தப் பக்கம் சுருங்குகிறது என்று குறித்து வைப்பார். மெட்ராஸ் மாநாட்டில் படிக்க வேண்டும் என்று ஆசை.

ஒரே ஒரு நிபந்தனை, இடதுகைக்காரர்கள் கூடாது. அவர்களில் சிலருக்கு இந்தப் பக்கக் கணக்கு தலைகீழாக இருக்கலாம் என்று அவருக்குச் சந்தேகம். அதனால் படிவத்தின் முதல் கேள்வியே கைதான். ஆரிபா எல்லாரிடமும் ஒரே மாதிரி கேட்பாள்.

"எந்தக் கையில சாப்பிடுவீங்க?"

வலது என்றால் ஒரு டிக். அதுவரை நாற்பத்து மூன்று பேர் வந்திருந்தார்கள். நாற்பத்து மூன்று பேருக்கும் வலதில் டிக். இடதுகைக்காரர் ஒருவர்கூட இல்லையே என்று டாக்டருக்கும் தோன்றவில்லை, ஆரிபாவுக்கும் தோன்றவில்லை. நம் ஊரில் யார்தான் சோற்றில் இடது கையை வைக்க விடுவார்கள்?

நாற்பத்து நான்காவதாக வந்தவள் கமலவல்லி.

ஜூலை 25, வியாழக்கிழமை. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து அவளை அழைத்து வந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் புருஷன் சாரங்கபாணி. கோயில் பக்கம் பூக்கடை வைத்திருந்தார். சன்னமான குரல், யாரிடமும் அதிர்ந்து பேசாதவர். இன்னொருவர் அவளுடைய அண்ணன் பாஷ்யம். சுந்தரபாண்டியத்தில் விவசாயம், அவர் பேசினால் தெருமுனை வரை கேட்கும். கமலவல்லிக்கு முப்பது வயது இருக்கும். பிள்ளை இல்லை. பங்குனி மாதத்தில் ஒருநாள் காலையில் எழுந்தவளுக்குப் பேச்சு இல்லை. நான்கு மாதமாக ஒரு சொல்கூட வரவில்லை. டாக்டர் எல்லாம் சோதித்துவிட்டார். மூளையில் ஒரு பழுதும் இல்லை.

சண்டை அதைப் பற்றியல்ல. அவள் இனி யார் வீட்டில் இருப்பது என்பதுதான் சண்டை.

"எங்கூட அனுப்பிருங்க டாக்டர்" என்றார் பாஷ்யம். "அந்த வீட்டுல என்னமோ சரியில்ல. எங்க ஊர்ல ரெண்டு மாசம் இருந்தான்னா தேறிருவா."

"மச்சான் ஆசைப்படுதாக. தப்பில்ல" என்றார் சாரங்கபாணி மெதுவாக. "ஆனா எம்பொண்டாட்டி டாக்டர். எங்கிட்டத்தானே இருக்கணும்?"

டாக்டர் இரண்டு பேரையும் பார்த்தார். கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது. ஆராய்ச்சிக்காரர்களுக்கு அப்படித்தான் வரும்.

"நீங்க ஏன் அடிச்சுக்கறீங்க? அவளைக் கேப்போம். அவளால சொல்ல முடியாது. மெஷின் சொல்லும்."

இரண்டு பேரையும் ஒரே வாக்கியத்தைப் பேசச் சொல்லி டேப்பில் பதிவு செய்தார். 'கமலா, நான் வந்திருக்கேன். வா, வீட்டுக்குப் போவோம்.' குழந்தைச் சிரிப்பு, ஒப்பாரி எல்லாம் வேண்டாம், இந்த உடம்பு தாங்காது, இரண்டு குரல் போதும் என்றும் அவரே முடிவு செய்தார். இதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

பாஷ்யம் கீழே டேப்புக்காகப் பேசிக்கொண்டிருந்த நேரம். மாடியில் ஆரிபா படிவத்தை எடுத்தாள்.

"எந்தக் கையில சாப்பிடுவீங்கம்மா?"

கமலவல்லி அவளையே பார்த்தாள். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. பக்கத்தில் நின்ற சாரங்கபாணி சிரித்தார்.

"சோத்தாங்கையிலதான் சிஸ்டர். வேற எந்தக் கையில சாப்பிடுவாக?"

ஆரிபா டிக் போட்டாள். அப்போது மடியில் கிடந்த கமலவல்லியின் இடது கை அசைந்தது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் எதையோ சுற்றிச் சுற்றி முடிச்சுப் போடுவது போல... நின்றது. மறுபடி சுற்றியது. கண் மட்டும் ஆரிபாவைவிட்டு நகரவில்லை. ஆரிபா படிவத்தின் அடியில் எழுதினாள்: 'இடது கையில் லேசான நடுக்கம்.'

அண்ணன் குரலுக்கு வலது பக்க அலை சுருங்கியது. புருஷன் குரலுக்கு இடது பக்க அலை சுருங்கியது. இரண்டும் சந்தேகமே இல்லாமல், பளிச்சென்று. இவ்வளவு தெளிவாக ஒரு பேப்பர் இதுவரை வந்ததில்லை என்று டாக்டர் துள்ளினார். கையோடு ஒரு லெட்டரும் எழுதினார். கணவர் குரலைக் கேட்டு மகிழ்ச்சி, அண்ணன் குரலைக் கேட்டு அச்சம், ஆகவே கணவரோடு இருப்பதே நல்லது.

பாஷ்யத்துக்கு முகம் செத்துப்போயிற்று.

"எம்பேச்சுக்கா பயப்படுதா? நான் தூக்கி வளத்த பிள்ளை டாக்டர்..."

மெஷின் சொன்ன பிறகு மனிதன் என்ன சொல்வது? சாரங்கபாணி லெட்டரை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். மனைவியின் இடது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு படி இறங்கினார். கடைசிப் படியில் கமலவல்லி நின்று, திரும்பி, மேலே ஆரிபாவைப் பார்த்தாள். ஆரிபாவுக்கு ஏனோ சங்கடமாக இருந்தது. அடுத்த நோயாளி வந்ததும் மறந்துபோனாள்.

பத்தொன்பது நாள் போயிற்று.

ஆகஸ்ட் 13, செவ்வாய்க்கிழமை. முந்தின நாள்தான் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆடிப்பூரத் தேர். டாக்டர் மதுரைக்குப் போயிருந்தார். நோயாளிகள் யாரும் இல்லை. கீழே வாசலில் அட்டெண்டர் கண்ணுச்சாமி ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். ஆடிக்காற்று புழுதியை வாரி ஜன்னலில் அடித்துக்கொண்டிருந்தது. மழை பெய்து இருபது நாளுக்கு மேல் ஆகிவிட்டது. ஆரிபா சத்திரப்பட்டி பேண்டேஜ் துணியைத் துண்டு துண்டாக வெட்டி அடுக்கிக்கொண்டிருந்தாள்.

மணி 2.10. கிரீச்... என்று கதவு திறந்தது.

கமலவல்லி நின்றாள். தனியாக வந்திருந்தாள். தலைமுடி அவிழ்ந்து, சொட்டச் சொட்ட நனைந்திருந்தது.

ஆரிபாவுக்கு ஒன்றும் வித்தியாசமாகப் படவில்லை. எண்ணெய் இல்லாமல் தலைக்கு ஊற்றிக்கொண்டு வாருங்கள் என்று அவள்தான் எல்லாருக்கும் சொல்வாள். எண்ணெய் இருந்தால் வில்லை ஒட்டாது. டாக்டர் மறுபடி வரச் சொல்லியிருப்பார் என்று நினைத்துக்கொண்டாள்.

"வாங்கம்மா. துவட்டாம வந்துட்டீங்களே... யாரு கூட வந்தீங்க?"

பதில் வராது என்று தெரிந்ததுதான். கமலவல்லி சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தாள். நாற்காலியின் ஸ்பிரிங் எப்போதும் முனகும். அன்றைக்கு முனகவில்லை.

ஆரிபா துண்டை எடுத்துத் தலையைத் துவட்டினாள். ஒரு துண்டு ஈரமாயிற்று. இரண்டாவது துண்டும் ஈரமாயிற்று. மூன்றாவதும். முடி அப்படியே சொட்டிக்கொண்டிருந்தது. வகிட்டில் பச்சையாக ஏதோ ஒட்டியிருந்தது. விரலால் எடுத்துப் பார்த்தாள். பாசி. எங்கே குளித்தாளோ என்று துடைத்துப் போட்டாள். தலை சில்லென்றிருந்தது.

அவளுடைய பழைய படிவத்தை எடுத்து அட்டையில் செருகிவிட்டு வில்லைகளை ஒட்டினாள். தோலில் சரியாகப் பிடித்திருக்கிறதா என்று பார்க்க ஒரு மீட்டர் உண்டு. அதை வைத்தாள். முள் எழவில்லை. பேட்டரி போய்விட்டதோ என்று தன் விரலில் வைத்துப் பார்த்தாள். முள் எழுந்தது. மறுபடி கமலவல்லியின் தலையில் வைத்தாள். எழவில்லை...

மணி 2.35. மெஷினைப் போட்டாள். சர்ர்ர்ர்...

எட்டுக் கோடு. எட்டும் நேர்கோடு.

வயர் விட்டுப்போயிருக்கும் என்று ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தாள். சோதனைப் பித்தானைத் தட்டினாள். எட்டு முள்ளும் ஒன்றாகத் துள்ளி அடங்கின. மெஷினில் கோளாறு இல்லை. மறுபடி எட்டு நேர்கோடு.

அப்போதுதான் அவளுக்கு ஒன்று உறைத்தது. கண் சிமிட்டினால் முன்பக்கத்து முள் கட்டாயம் துள்ளும். எந்த நோயாளிக்கும் துள்ளும். முப்பது பக்கம் ஓடிவிட்டது. ஒரு துள்ளல்கூட இல்லை.

ஆரிபா திரும்பிப் பார்த்தாள். கமலவல்லியின் கண் திறந்தே இருந்தது.

"கண்ண மூடுங்கம்மா..."

மூடவில்லை.

இரண்டு குரலும் பதிந்த அந்தப் பழைய டேப்பைப் போட்டாள். ஏன் போட்டாள் என்று பிறகு பலமுறை அவளைக் கேட்டிருக்கிறேன். "என்ன செய்றதுன்னு தெரியல. பழகுன வேலையைச் செஞ்சேன்" என்பாள்.

மணி 2.46. முதலில் பாஷ்யத்தின் குரல். 'கமலா, நான் வந்திருக்கேன்...' வலது பக்கத்து நான்கு முள்களும் எழுந்தன. குறுகிய, நெருக்கமான அலை. இடது பக்கம் நேர்கோடு. வாக்கியம் முடிந்தது. முள்கள் படுத்தன.

மணி 2.47. சாரங்கபாணியின் குரல்.

'கமலா, நான் வந்திருக்கேன். வா, வீட்டுக்குப் போ...ஓ...ஓ...'

பொட்.

கரண்ட் போயிற்று. விளக்கு அணைந்தது. ஃபேன் சுற்றிச் சுற்றி ஓய்ந்தது. டேப் இழுத்துக்கொண்டு நின்றது.

சர்ர்ர்ர்...

மெஷின் மட்டும் நிற்கவில்லை.

பேப்பர் நகர்ந்துகொண்டிருந்தது. இடது பக்கத்து நான்கு முள்களும் எழுதிக்கொண்டிருந்தன. நெருக்கமாக, வேகமாக, மை தெறிக்கத் தெறிக்க.

ஆரிபா சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கினாள். பிளக் கையில் இருந்தது.

சர்ர்ர்ர்...

கண்ணுச்சாமியைக் கூப்பிட வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. உதடு மட்டும் அசைந்தது.

சுவரோடு ஒட்டி நின்றாள். எழுதுகிறதைப் பார்த்துக்கொண்டே நிற்க மட்டும்தான் அவளால் முடிந்தது.

கமலவல்லியின் இடது கை எழுந்தது.

மேஜையில் அட்டையில் செருகியிருந்த படிவத்தை இழுத்தது. நூலில் கட்டித் தொங்கிய பென்சிலை எடுத்தது.

கீச்... கீச்...

பென்சில் விழுந்தது. விரல்கள் நூலைப் பிடித்தன. சுற்றின. முடிச்சுப் போட்டன. சுற்றின...

முகம் அசையவில்லை. கண்ணிலிருந்து மட்டும் நீர் வழிந்தது. தலையிலிருந்து வடிந்த நீரோ, அழுகையோ... ஆரிபாவுக்கு இன்றைக்கும் தெரியாது.

பிறகு...

எட்டு முள்ளும் ஒன்றாக எழும்பி ஓரத்தில் மோதின. டப்! பேப்பர் கிழிந்தது.

மெஷின் நின்றது.

ஃபேன் சுற்றியது. விளக்கு எரிந்தது. சுவர்க் கடிகாரத்தில் மணி 2.58.

நாற்காலி காலியாக இருந்தது.

வயர்கள் தொங்கிக்கொண்டிருந்தன. வில்லைகளில் பசை ஈரமாக இருந்தது. மூன்று துண்டும் காய்ந்து கிடந்தன. தூரத்தில் மில் சங்கு ஊதியபோதுதான் ஆரிபாவுக்கு மூச்சு வந்தது.

படிவத்தை எடுத்தாள். 'வலது' என்ற இடத்தில் அவள் போட்ட டிக் குறுக்கே கோடு போட்டு அடிக்கப்பட்டிருந்தது. 'இடது' என்பதைச் சுற்றி ஒரு வட்டம். அடியில் 'இடது கையில் லேசான நடுக்கம்' என்ற வரியின் மேல் ஒரு கோடு. பென்சில் நூலில் வரிசையாக முடிச்சு விழுந்திருந்தது. பூக் கட்டுகிறவர்கள் போடுகிற முடிச்சு.

ஆரிபாவுக்கு அப்போது பேயைப் பற்றிய பயம் போய்விட்டது. அதைவிடப் பெரிய பயம் ஒன்று வந்து உட்கார்ந்தது. இடதுகைக்காரி. அப்படியானால் பேப்பர் தலைகீழ். அண்ணன் குரலுக்குத்தான் சந்தோஷம். புருஷன் குரலுக்குப் பயம். குழந்தைச் சிரிப்பை ஒரே ஒரு தடவை போட்டிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். அவள் யாருக்குப் பயந்தாளோ அவரிடமே லெட்டர் எழுதி ஒப்படைத்திருக்கிறார்கள். அந்த டிக்கைப் போட்டது இவள் கை.

படிவத்தோடு கீழே ஓடினாள்.

"அண்ணே, இப்ப ஒரு அம்மா எறங்கிப் போனாங்களா? தலை நனைஞ்சு..."

"ஒருத்தரும் எறங்கலையே தாயி" என்றார் கண்ணுச்சாமி. "மத்தியானத்துல இருந்து ஒருத்தரும் ஏறவும் இல்ல. நான் இங்கனயேதான் இருக்கேன்."

ஆரிபா நிற்கவில்லை. 3.15 ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் ஏறினாள். இன்னும் நேரம் இருக்கிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வந்தாள். தேருக்கு வந்த கூட்டம் இன்னும் கலையவில்லை, பஸ் ஊர்ந்தது. நேரே அவள் வீட்டுக்குப் போய்ப் பாஷ்யத்துக்கு ஆள் அனுப்ப வேண்டும், அவளை இன்றைக்கே சுந்தரபாண்டியத்துக்குக் கூட்டிப் போகச் சொல்ல வேண்டும், டாக்டர் திட்டினால் திட்டட்டும். கண்டக்டர் சில்லறை கேட்டது அவள் காதில் விழவில்லை.

3.50க்குப் படிவத்தில் இருந்த விலாசத்தைத் தேடித் தெருவுக்குள் நுழைந்தாள். நான்காவது வீட்டின் முன்னால் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். வாசல் கழுவி ஈரமாக இருந்தது.

ஆரிபா புரிந்துகொண்டாள். ஆனாலும் கேட்டாள். எதிர்வீட்டுக் கருத்தம்மாள் சொன்னாள்.

"கமலவல்லிதாம்மா. விடியக்காலம் அஞ்சரைக்குப் பாத்தா, கொல்லக் கெணத்துல மெதக்குதா. நோவுல தவறி விழுந்துட்டாளாம். ஆம்பளைய எல்லாம் தூக்கிட்டுப் போயாச்சு."

"அஞ்சரைக்கா...? காலையிலயா?"

"காலையிலதான். ஸ்டேஷனுக்குப் போவோம்னு அண்ணங்காரவுக எம்புட்டோ கத்துனாக. மாப்பிள்ள சட்டைப் பையில இருந்து ஒரு லெட்டர எடுத்துக் காட்டுனாரு. டாக்டரு குடுத்ததாம். அவ புருசன்மேல உசிரா இருக்கான்னு மெஷினே சொல்லிருக்காம்ல. அதுக்குப் பொறவு பெரியவுக யாரும் வாயத் தொறக்கல."

ஆரிபா தெருவோரத்தில் ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டாள். அழுகைகூட வரவில்லை.

4.20க்குப் பாஷ்யம் திரும்பி வந்தார். குளித்த ஈர வேட்டி. அவளை அடையாளம் கண்டுகொண்டு நின்றார்.

"அண்ணே... கமலாம்மாவுக்கு எந்தக் கை பழக்கம்?"

அவர் ஏதோ பைத்தியத்தைப் பார்ப்பது போல் பார்த்தார்.

"பீச்சாங்கை. சின்னதுல எங்கய்யா அடிச்சு அடிச்சு சோறு மட்டும் சோத்தாங்கைக்கு மாத்துனாரு. பூக் கட்டுறது, கோலம் போடுறது எல்லாம் பீச்சாங்கைதான். எதுக்குக் கேக்குதிய?"

ஆரிபா சொன்னாள். ஒன்றையும் மறைக்கவில்லை, அன்றைக்கு மத்தியானம் கமலவல்லி மாடிக்கு வந்ததைத் தவிர. பேப்பரைத் தப்பாகப் படித்துவிட்டோம், உங்கள் குரலுக்குத்தான் அவள் சந்தோஷப்பட்டாள் என்று சொன்னாள். அந்தப் பெரிய குரல்காரர் தோள் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். துண்டுக்குள்ளிருந்தே பேசினார்.

"மூணு மணிக்கு ராகுகாலம் வந்துரும்னு அவன்தான் அவசரப்படுத்துனான். அதுக்கு முந்திக் கொள்ளி வைக்கணும்னு. நான் வாட்சையே பாத்துக்கிட்டு நின்னேன். வேற எங்க பாக்கச் சொல்லுதிய... அவ மூஞ்சியப் பாக்கவா முடியும்? ரெண்டு அம்பத்தெட்டுக்குக் கொள்ளி வச்சான்."

ஆரிபா படிவத்தை மடித்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தாள்.

"அதுக்கு முன்னால ஒரு பத்துப் பதினோரு நிமிசம் தலைமாட்டுலயே குனிஞ்சு நின்னான். அவ காதுகிட்ட வாய வச்சு என்னமோ பேசிக்கிட்டே இருந்தான். மெதுவா... அவன் பேசுவாம்ல, அந்த மாதிரி. மந்திரம்னு எல்லாரும் நெனைச்சாக. ஐயர் அங்குட்டுப் பாத்திரம் அடுக்கிக்கிட்டு இருந்தாரு. அவரு மந்திரமே ஆரம்பிக்கல தாயி."

மறுநாள் டாக்டர் வந்தார். ஆரிபா எல்லாவற்றையும் மேஜையில் வைத்தாள். கரண்ட் இல்லாமல் மெஷின் ஓடாது என்றார் முதலில். "நீ கை பத்தி எப்படிக் கேட்ட?" என்றார் பிறகு. அவள் சொன்னாள். கொஞ்ச நேரம் அந்தப் பழைய நாற்பத்து மூன்று படிவங்களையும் புரட்டிக்கொண்டிருந்தார். அதன் பிறகு அவர் அந்த டேப்ரிக்கார்டரைத் தொடவில்லை, மெட்ராஸுக்கும் போகவில்லை. லெட்டரைத் திருப்பிக் கேட்டு ஆள் அனுப்பினார். தொலைந்துவிட்டது என்று சாரங்கபாணி சன்னமான குரலில் சொல்லியனுப்பினாராம். எரிந்த உடம்பை வைத்துக்கொண்டு யார் எங்கே போய் என்ன கேட்பது?

பேப்பர் மட்டும் ஆரிபாவிடம் தங்கியது. கரண்ட் போன இடத்திலிருந்து கிழிந்த இடம் வரை அன்றைக்கு ராத்திரி தன் வீட்டில் உட்கார்ந்து அவள் எண்ணினாள். இரண்டு தடவை எண்ணினாள். அறுபத்தாறு பக்கம். பக்கத்துக்குப் பத்து நொடி. பதினோரு நிமிடம். டேப் நின்றுவிட்டது, ஆனால் சுடுகாட்டில் அந்தக் குரல் நிற்கவில்லை. அறுபத்தாறு பக்கத்திலும் வலது பக்கம் நேர்கோடு. இடது பக்கத்து நான்கு முள்களும் ஒரு நொடிகூட ஓயவில்லை.

அதை எப்படிப் படிக்க வேண்டும் என்று இப்போது ஆரிபாவுக்குத் தெரியும். யாருக்குப் படித்துக் காட்டுவது என்றுதான் தெரியவில்லை.